பின்னால் வந்த கார் இடித்தது, ஏஆர் (மருத்துவமனை விபத்துப் பதிவேடு) காப்பியில் "தடுப்பில் மோதி" என்று எழுதியிருக்கிறது. இனி என்ன செய்வது?

சேலத்து மருமகள் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு சேலம் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் என் கொழுந்தனாருடையது, ஓட்டியதும் அவர்தான். முன்சீட்டில் என் வீட்டுக்காரர், பின்னால் நானும் மகளும். கள்ளக்குறிச்சி தாண்டி சின்னசேலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்களுக்கு முன்னே போன லாரி சட்டென்று வேகத்தைக் குறைத்தது. கொழுந்தனாரும் பிரேக் போட்டார். பின்னால் வந்த வெள்ளைக் கார் எங்களை இடித்துவிட்டது. இடித்த வேகத்தில் எங்கள் வண்டி வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நடுத்தடுப்பில் மோதி நின்றது.

என் வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இடது காறை எலும்பிலும் விரிசல். மகளுக்கு ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. பெல்ட் போட்ட இடத்தில் வயிறு கன்றிப்போய் நீலமாக இருந்தது, இப்போது மஞ்சளாகிவிட்டது. எப்போதாவது சுருக்கென்று வலிக்கும், இடது தோளும் வலிக்கிறது. தலையணை சரியில்லை என்று நினைக்கிறேன்.

108 வந்து முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று இரவே சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்துவிட்டோம். இடித்த காரின் ஓனர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கிறேன், கேஸ் மட்டும் வேண்டாம், பையன் வெளிநாடு போகணும்" என்று 20,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினார். (ஓட்டியது அவர் மகன்.) அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று அரசு மருத்துவமனையில் ஏஆர் காப்பி வாங்கிப் பார்த்தால், "கார் நடுத்தடுப்பில் மோதியதால் காயம்" என்று இருக்கிறது. பின்னால் இடித்த காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பதற்றத்தில் யார் என்ன சொன்னார்களோ தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக், சொந்தத் தொழில். சம்பளச் சீட்டெல்லாம் கிடையாது. வலது கை. விபத்து நடந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. இனிமேல் கேஸ் போட முடியுமா? அதற்கு கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் அலைய வேண்டுமா? கொழுந்தனார் மேல் ஏதாவது வருமா? அதுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

அக்கா, கேஸ் விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். நான் உங்கள் வயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதைப் படித்ததும் கிளம்பி ஸ்கேன் எடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

பெல்ட் தடம் வயிற்றில் கன்றிப்போகிற அளவுக்கு இருந்தால் உள்ளே குடலோ மண்ணீரலோ அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவதுதான் எங்கள் வழக்கம். மண்ணீரலில் சின்னதாகக் கிழிந்து, ரத்தம் உறைக்குள்ளேயே கட்டி நின்று, சில நாள் கழித்து, சிலருக்கு வாரங்கள் கழித்துகூட, உடைவதுண்டு. இடது தோள் வலி என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை எழுத வைத்தது அதுதான். மண்ணீரலைச் சுற்றி ரத்தம் கசிந்தால் உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தப்பட்டு வலி இடது தோளில் தெரியும். தலையணையாகவே இருக்கட்டும், ஸ்கேன் பார்த்துவிட்டு தலையணையைத் திட்டலாம். தலைசுற்றல், வியர்த்துக்கொட்டுவது, வயிறு உப்பி இறுகுவது, வாந்தி, கறுப்பாக மலம் போவது, இதில் எது வந்தாலும் வண்டி தேடாமல் 108 கூப்பிடுங்கள்.

அண்ணாவுக்கு: மாவுக்கட்டோ பிளேட்டோ, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று பொத்தி வைத்தால் விரல் இறுகிப்போகும், அப்புறம் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியாது. விரல் வீங்கி நீலமாவது, மரத்துப்போவது, மருந்துக்கு அடங்காத வலி என்றால் இரவானாலும் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பிசியோவை டாக்டர் எப்போது ஆரம்பிக்கச் சொல்கிறாரோ அன்றே ஆரம்பியுங்கள்.

தலையில் யாருக்காவது அடிபட்டதா? காரில் வேறு பெரியவர்கள் யாராவது இருந்தார்களா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் ஸ்கேன் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சு குழறுவது, நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி, இவற்றைக் கவனிக்க வேண்டும். பாப்பாவுக்கு ராத்திரி திடுக்கிட்டு எழுவது, காரில் ஏற மாட்டேன் என்பது இருந்தால் திட்டாதீர்கள். ஒரு மாதத்துக்குமேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

போகிற இடத்தில் "கார் விபத்தில் அடிபட்டது, இந்தத் தேதி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சும்மா வயிற்று வலி என்று சொல்லி ஓபி சீட்டு போட்டுவிடாதீர்கள்.

---

பழைய குமாஸ்தா எழுதியது:

தங்கச்சி, சிஸ்டர் சொன்னதை முதலில் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

நான் விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஜிஎஸ்டி ரோடும் உளுந்தூர்பேட்டை ரோடும் எங்கள் ஆபீசுக்குச் சோறு போட்டன என்று சொன்னால் தப்பாகத் தெரியும், ஆனால் உண்மை அதுதான். எத்தனையோ எம்சிஓபி (மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனு) கட்டு கட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கோர்ட்டில் வக்கீல் எவ்வளவு அழகாகப் பேசினாலும், முதல் சில நாளில் உருவான காகிதம் என்ன சொல்கிறதோ அதன் மேல்தான் வழக்கு நிற்கும்.

உங்கள் ஏஆர் காப்பிக்கு வருகிறேன். ஏஆர் என்பது மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. யார் கொண்டுவந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த ஊரில் எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், நினைவு இருந்ததா, எந்த இடத்தில் என்ன காயம், அடையாள மச்சம் இரண்டு, கீழே டியூட்டி டாக்டர் கையெழுத்து. "எப்படி அடிபட்டது" என்ற அந்த ஒற்றை வரியை டாக்டர் கண்ணால் பார்த்து எழுதுவதில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தவர் சொல்வதைக் கேட்டு எழுதுகிறார். 108 வந்தபோது உங்கள் கார் தடுப்பில் மூக்கைச் சொருகி நின்றது, அவர்கள் பார்த்தது அதைத்தான், சொன்னதும் அதைத்தான். யார் மேலும் குற்றமில்லை.

ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இந்த வரியைத்தான் குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டுவார். "தானாகப் போய் தடுப்பில் மோதியதை, பிறகு யோசித்து அடுத்தவன் மேல் போடுகிறார்கள்" என்பார். இதற்காக ஏஆரைத் திருத்தித் தரச் சொல்லி அந்த மருத்துவமனையில் யாரையும் கேட்காதீர்கள், திருத்திய ஏஆர் திருத்தாத ஏஆரைவிட மோசம். எழுதியிருப்பது பொய்யும் இல்லை, பாதிக் கதை. மீதிக் கதையைப் புகாரில் வரிசையாக எழுதுங்கள்: பின்னால் இன்ன நம்பர் கார் இடித்தது, அந்த இடியில் எங்கள் கார் இழுபட்டுத் தடுப்பில் மோதியது.

அதற்குச் சாட்சி உங்கள் காரின் பின்பக்கம். டிக்கி நசுங்கியிருக்குமே? தயவுசெய்து இன்னும் ரிப்பேர் பார்க்காதீர்கள். ஷெட்டில் விட்டிருந்தால் இன்றே போன் போட்டு நிறுத்துங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து இரண்டு வண்டியையும் பார்த்து ரிப்போர்ட் தர வேண்டும், பின்பக்கச் சேதம் அதில் ஏறவேண்டும். கொழுந்தனார் தன் இன்சூரன்ஸில் ரிப்பேருக்கு கிளெய்ம் போட்டிருந்தால் அந்த சர்வேயர் எடுத்த போட்டோவும் உதவும். வீரசோழபுரம் டோலில் உங்கள் ஃபாஸ்டாக் விழுந்த நேரம் மெசேஜில் இருக்கும், அழித்துவிடாதீர்கள். பக்கத்தில் பங்க், தாபா எதிலாவது கேமரா இருந்தால் உடனே போலீஸ் மூலம் கேளுங்கள். பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும், அவர்கள் நமக்காக வைத்திருக்கமாட்டார்கள். அப்புறம் அந்த ஜிபே. 20,000 ரூபாய் யாராவது சும்மா அனுப்புவார்களா? அவர் வண்டி அங்கே இருந்தது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் பேங்க் ஸ்டேட்மென்டும் எடுத்து வையுங்கள். அவர் வாட்ஸாப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அதுவும்.

அந்தப் பணத்தை வாங்கியது தப்பில்லை, மறைக்கவும் வேண்டாம். "எல்லாம் பேசி முடித்துக்கொண்டோம், இனி எந்த நடவடிக்கையும் வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்து கேட்டு வந்தால் மட்டும் போடாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் பச்சை மை பேனாவோடு இதற்கென்றே சிலர் நிற்பார்கள்.

சிஎஸ்ஆர் என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. எஃப்ஐஆர் இல்லை. அதை வைத்துக்கொண்டு கேஸ் பதிவாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 281, 125(பி) பிரிவுகளில் பதிவு செய்யவேண்டிய குற்றம். போய் எழுத்துமூலம் கேளுங்கள், தாமதத்துக்குக் காரணம் ஆபரேஷன், ஆஸ்பத்திரி என்று மனுவிலேயே ஒரு வரி எழுதுங்கள். பதிவு செய்யவில்லை என்றால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்பிக்கு அனுப்பலாம், பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) அதற்குத்தான். எஃப்ஐஆர் காப்பி புகார் கொடுத்தவருக்கு இலவசம். எஃப்ஐஆர் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. இரண்டு வாரமெல்லாம் ஒன்றுமே இல்லை.

எஃப்ஐஆர் கையில் வந்ததும் மூன்றைப் படித்துப் பாருங்கள்: வண்டி நம்பர், நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு. நம்பரில் ஒரு எழுத்து மாறிப்போய், அந்த நம்பரில் ஒரு டிராக்டர் இருந்து, அந்த டிராக்டர்காரருக்கு சம்மன் போன கூத்தையும் பார்த்திருக்கிறேன். காயம்பட்டவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

பதிவானால் விபத்துத் தகவலைப் போலீஸே 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையாக மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பவேண்டும், 90 நாளில் விரிவான அறிக்கை தாக்கல் செய்யவேண்டும் என்பது 2022 முதல் விதி. விதி விதியாக இருக்கட்டும், நீங்கள் பாட்டுக்கு உங்கள் மனுவைப் போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் கெடு. அந்தக் கெடுவையே எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி நீங்கள் தாமதிக்க வேண்டியதில்லை. மனு போட கள்ளக்குறிச்சிக்குப் போகவேண்டாம். நீங்கள் குடியிருக்கிற இடத்துத் தீர்ப்பாயத்திலேயே, அதாவது சேலத்திலேயே போடலாம். ஸ்டேஷன் வேலைக்கு மட்டும்தான் அந்தப் பக்கம்.

இப்போது கொழுந்தனார். மனுவில் எதிர்மனுதாரர்கள் இடித்த காரின் ஓனரும் இன்சூரன்ஸ் கம்பெனியும், வழக்கமாக டிரைவரும். ஆனால் ஏஆர் இப்படி இருப்பதால் உங்கள் வக்கீல் முன்ஜாக்கிரதையாக உங்கள் கார் ஓனரையும் அதன் இன்சூரன்ஸையும் சேர்க்கலாம் என்பார். சரியான யோசனைதான். வண்டியில் உட்கார்ந்து வந்தவர் மேல் எந்தத் தவறும் கிடையாது. இரண்டு டிரைவர்களுக்கும் தவறில் பங்கு என்று கோர்ட் நினைத்தாலும், முழுத்தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கொழுந்தனார் பாலிசி முழு பாலிசியாக (காம்ப்ரிஹென்சிவ்) இருந்தால் அவர் பங்கு என்று ஏதாவது வந்தாலும் கம்பெனிதான் கட்டும், அவர் பாக்கெட்டிலிருந்து போகாது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் சொந்தக் காரில் வந்தவர்களுக்கு அது பொறுப்பேற்காது, அப்போது யோசித்துச் செய்யவேண்டும். எதுவானாலும் அவரை உட்காரவைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சம்மன் வீட்டுக்கு வந்தபிறகு சொன்னால் தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

வருமானம். சம்பளச் சீட்டு இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஜிபேயில் விழுந்த சர்வீஸ் காசு, கம்ப்ரசர் வாங்கிய கடை பில்கள், ஏதாவது கம்பெனிக்கோ கல்யாண மண்டபத்துக்கோ வருஷ கான்ட்ராக்ட் பார்த்திருந்தால் அந்தக் கடிதம், ஐடிஐ சர்டிபிகேட், எல்லாம் ஆதாரம்தான். ஒன்றுமே இல்லாவிட்டால் கோர்ட் தானாக ஒரு தொகையை நிர்ணயிக்கும், அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

கணக்கு எப்படி வருமென்று ஒரு உதாரணம். அவருக்கு 36 வயது என்று வைப்போம், மாதம் 15,000 என்று கோர்ட் ஏற்றுக்கொண்டதாக வைப்போம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே, எனவே எதிர்கால முன்னேற்றத்துக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருஷத்துக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 10 சதவீதம் என்று முடிவானால் 3,78,000. இதற்குமேல் மருத்துவச் செலவு, வலி வேதனைக்கு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, போக்குவரத்துக்கு, சத்தான சாப்பாட்டுக்கு என்று தனித்தனித் தலைப்பு. மனு போட்ட தேதியிலிருந்து வட்டி, நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் பெரும்பாலும் 7.5 சதவீதம்.

அந்த 10 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை. மெடிக்கல் போர்டு (அரசு மருத்துவர் குழு) மணிக்கட்டின் ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதித் தரும். அது கை எவ்வளவு கெட்டது என்பதற்கான கணக்கு, பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பதற்கான கணக்கு அல்ல. கிளார்க்குக்கு மணிக்கட்டு கொஞ்சம் மடங்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஏணியில் ஏறி ஒரு கையால் அவுட்டோர் யூனிட்டைத் தாங்கிக்கொண்டு மறுகையால் நட்டு முடுக்குகிறவருக்கு? உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு முழுக்க இதைப்பற்றித்தான். சாட்சிக் கூண்டில் "கை வலிக்கிறது" என்று சொன்னால் பிரயோஜனமில்லை, எந்த வேலையைச் செய்யமுடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். சிகிச்சை முழுக்க முடிந்த பிறகுதான் போர்டுக்குப் போகவேண்டும். பிளேட் எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டா என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், எதிர்காலச் செலவாகக் கேட்கலாம்.

மெடிக்ளெய்ம் எடுத்திருக்கிறீர்களா? கேஷ்லெஸ் என்றால் ஒரிஜினல் பில்கள் அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே முத்திரை வைத்த நகல் செட் ஒன்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரே படத்தை மடிக்காதீர்கள். வெயிலில் காருக்குள் போட்டு வைக்காதீர்கள்.

வக்கீல் ஃபீஸை நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நடப்பது என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை, அந்த வருமானத்தில்தான் என் மகளுக்குக் கல்யாணம் செய்தேன். முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள், எழுதாத பேப்பரிலும் செக்கிலும் கையெழுத்து போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சேலம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. போன் 15100.

---

நாமக்கல் லாரிக்காரன் எழுதியது:

குமாஸ்தா ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். வண்டி வைத்திருக்கிறவன் பக்கத்திலிருந்து நாலு வார்த்தை.

சகோதரி, அந்த ஓனர் பயப்படுவது பாதி அறியாமை. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்து, பையனிடம் லைசென்ஸ் இருந்து, குடிக்காமல் இருந்திருந்தால் உங்களுக்குக் கட்டப்போவது கம்பெனி. ஆள் காயத்துக்கு தேர்ட் பார்ட்டியில் உச்சவரம்பு கிடையாது. நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இதனால் போகாது, அது சொந்த வண்டி ரிப்பேருக்குக் காசு வாங்கினால்தான் போகும். பையன் மேல் வருகிற பிரிவுகள் ஜாமீனில் விடக்கூடியவை, உள்ளே வைத்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். பாஸ்போர்ட், விசாவில் கேஸ் நிலுவை இடைஞ்சல் தரும் என்பது மட்டும் நிஜம். அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்?

வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை என்று இன்றைக்கே பாருங்கள். விபத்துத் தேதியில் பாலிசி செத்துப்போயிருந்தால் கதை வேறு, அப்போது ஓனரே கட்டவேண்டும், அவருக்கு என்ன சொத்து இருக்கிறது என்று பார்க்கவேண்டும். போன் எடுக்காததற்குக் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். கார் கைமாறி ஆர்சி பழைய ஆள் பெயரிலேயே இருந்தால், சட்டத்தின் கண்ணில் ஓனர் ஆர்சியில் இருப்பவர்தான், அவரையும் விடாதீர்கள்.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

இதெல்லாம் எழுத நன்றாக இருக்கும். என் மாமா கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. அந்தக் கார் ஓனர் இன்னும் 50,000 கொடுத்தால் வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

---

பழைய குமாஸ்தா எழுதியது:

தம்பி, இழுக்கும் என்பது உண்மை. ஆனால் பில்லே ஒன்றரை லட்சம், கை தேறுமா என்று தெரியாது, இதில் 50,000-க்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு பிளேட் உடைந்தால் யாரைக் கேட்பது? சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் அதற்கு வழி மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். தேசிய லோக் அதாலத் வருஷத்துக்கு நான்கு முறை நடக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்கள் அங்கே பேசித் தீர்க்கத் தயாராகவே வருவார்கள். கோர்ட்டில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனால் அப்பீல் கிடையாது, இழுக்காது. அதற்கும் மனு போட்டு, டிசபிலிட்டி சர்டிபிகேட் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் பேரம் பேச முடியும்.

இன்னொன்று விட்டுப்போச்சு. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. விபத்து நடந்தவுடன் தனியாருக்குப் போனாலும், நம் மாநிலத்தில் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று கேளுங்கள். 2021 டிசம்பரில் ஆரம்பித்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. ஒரு லட்சமாக இருந்த வரம்பு இப்போது இரண்டு லட்சம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கார்டு இல்லாவிட்டாலும் உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் அறிவித்தது, விபத்திலிருந்து 7 நாள்வரை ஒன்றரை லட்சம் கேஷ்லெஸ். இடித்துவிட்டு நிற்காமல் போன, நம்பர் தெரியாத வண்டி என்றால், கோட்டாட்சியர், தாசில்தார் மட்டத்தில் இதற்கென இருக்கும் அதிகாரியிடம் மனு கொடுத்தால் கொடுங்காயத்துக்கு 50,000, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம். பெரிய தொகையில்லை, ஆனால் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

---

சேலத்து மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டருக்கு முதலில். அன்று மாலையே ஸ்கேன் எடுத்தோம். மண்ணீரலில் சின்னக் கிழிசல், சுற்றிலும் கொஞ்சம் ரத்தக்கட்டு. படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள், இரண்டாவது ஸ்கேனில் பெரிதாகவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடம் தூக்கக் கூடாது, மகளைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. மாமியார் சமையல்.

பரிவாகனில் பார்த்தோம், இன்சூரன்ஸ் அடுத்த வருஷம்வரை இருக்கிறது. கொழுந்தனார் எஸ்பிக்கு அனுப்பப்போகிறோம் என்று சொன்னதுமே ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போட்டுவிட்டார்கள். வண்டி நம்பர் சரி, திசை சரி. ஆனால் காயம்பட்டவர் என்று என் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் இருக்கிறது, என் பெயர் "உடன் பயணித்தவர்" என்று வருகிறது. கொழுந்தனாரே "என்னையும் சேருங்க அண்ணி, முழு பாலிசிதான்" என்று சொல்லிவிட்டார், அந்த பாரம் இறங்கியது. என் சிகிச்சைச் செலவை என் வீட்டுக்காரர் மனுவிலேயே சேர்த்துவிடலாமா?

---

பழைய குமாஸ்தா எழுதியது:

சேர்க்கக் கூடாது, உங்களுக்குத் தனி மனு. ஒரே விபத்து என்பதால் இரண்டையும் சேர்த்து விசாரிப்பார்கள், அலைச்சல் அதிகமாகாது.

எஃப்ஐஆரைத் திருத்தமாட்டார்கள், தேவையும் இல்லை. இன்றைக்கே ஸ்கேன் ரிப்போர்ட், அட்மிஷன் சீட்டு நகலோடு விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு கொடுத்து, உங்கள் வாக்குமூலத்தைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது மருத்துவமனையிலும் விபத்து வழக்கு என்று ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பினார்களா என்று கேளுங்கள், அனுப்பாவிட்டால் அனுப்பச் சொல்லுங்கள். காயச் சான்றிதழ் உங்கள் பெயரில் வரவேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது காயம்பட்டவர் பட்டியலில் நீங்கள் இரண்டாவதாக இருந்தால் போதும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "சாலை விபத்து" என்ற வார்த்தையும் விபத்துத் தேதியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டாக்டர் ஊருக்குப் போவதற்குள் எழுதி வாங்கிவிடுங்கள். மாமியார் சமைப்பதையும் குறித்துவையுங்கள், வீட்டுவேலை செய்யமுடியாமல் போனதற்கும் தலைப்பு உண்டு.